மாமி படுத்த படுக்கை, எனக்குத் தூக்கமே இல்லை: யாரிடம் போய்ச் சொல்வது?

சுங்கை சிப்புட் மருமகள்:
மாமிக்கு ஸ்ட்ரோக், மூக்கில் குழாய் வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் ஜோகூரில் லாரி ஓட்டுகிறார். ராத்திரியெல்லாம் எழுந்து புரட்டிப் போடணும், பால் விடணும், பெம்பர்ஸ் மாற்றணும். செய்வதில் எனக்குக் குறையில்லை, ஆனால் இப்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது, சோறு இறங்கவில்லை, நாத்தனார் போன் அடித்தாலே எரிச்சல். கோயிலில் பார்க்கிறவர்கள் "உனக்குப் பெரிய புண்ணியம்மா" என்கிறார்கள், அதைக் கேட்டால்தான் இன்னும் கோபம். இதற்கெல்லாம் டாக்டர் பார்ப்பார்களா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) உங்கள் பெயரில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்து, "எனக்கு மனசு சரியில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். 'டாஸ்' என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்து மன அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மாமிக்கு மருந்து எடுக்கும் நாளில் சேர்த்துக் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்குப் பேச்செல்லாம் மாமியைப் பற்றித்தான் போகும். நோயாளியை வீட்டிலேயே வந்து பார்க்கிற டொமிசிலியரி குழு உண்டா என்றும் விசாரியுங்கள், இடுப்பு போகாமல் புரட்டுவதைக் காட்டிக்கொடுப்பார்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே போனை எடுங்கள்: மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555, அல்லது மனம்விட்டுப் பேச உதவும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, இது 24 மணி நேரமும்.

தாமான் வாசி:
மிஸ்ஸி சொன்னது சரி, ஆனால் மாத்திரை போட்டாலும் ராத்திரி எழுந்திருப்பது நீங்கள்தானே? நாத்தனாரிடம் பொதுவாக "கொஞ்சம் உதவி பண்ணு" என்றால் நடக்காது. "சனி ராத்திரி நீ வந்து படு, ஞாயிறு மத்தியானம் வரை நான் வீட்டில் இல்லை" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போடுங்கள். வர முடியாதென்றால் ஆள் வைக்கக் காசு கொடுக்கட்டும். தோட்டத்து லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே வந்து உட்காருவார், இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் எல்லாரும் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறோம், கூப்பிட்டால்தான் உண்டு.

சுங்கை சிப்புட் மருமகள்:
நாத்தனார் ஈப்போவில்தான் இருக்கிறார் அண்ணா. காசுப் பேச்சு எடுத்தால் சண்டை வரும்.

தாமான் வாசி:
வரட்டும். லாரி ஓட்டுகிறவருக்கும் லீவு உண்டு, முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள், அவருடைய அம்மாதானே.

செல்வி அக்கா:
சமூகநல இலாகாவில் படுக்கை நோயாளியைப் பராமரிப்பவருக்கு மாதம் 500 வெள்ளி உதவி இருக்கிறது, குடும்ப வருமானம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டாக்டர் கையெழுத்து வேண்டும், அதனால் விண்ணப்பப் பாரத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். உங்கள் ஐசி (அடையாள அட்டை), மாமி ஐசி இரண்டும் நகலோடு.