அர்ச்சனைக்கு யார் பெயர்?

அரக்கோணம் லோக்கல்:

விவாகரத்துக்கு அப்புறம் கோயில், தியானம் என்று போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். என் கதையில் ஞானமெல்லாம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. 14 வருடக் கல்யாணம். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்ததுதான், இந்து திருமணச் சட்டம் 13-பி. மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்றார் வக்கீல். நான் வேண்டாம் என்றேன். அதற்குள் கணவர் மனம் மாறிவிடாதா என்ற நப்பாசை. மாறவில்லை. இரண்டாவது முறை ஆஜரான அன்று எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் "டீ குடிக்கிறியா" என்றார். குடித்தேன். அதில் சர்க்கரை இருந்ததா என்றுகூட நினைவில்லை.

அதற்கப்புறம்தான் உண்மையான வழக்கு தொடங்கியது, என் தலைக்குள். காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், கோர்ட் கூடிவிடும். அவர் கூண்டில் நிற்பார். வக்கீல் நான், சாட்சி நான், நீதிபதியும் நானே. அப்படியும் சென்ட்ரல் வருவதற்குள் தீர்ப்பு வராது. வாய்தா போட்டுவிட்டு இறங்குவேன். சாயங்காலம் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து விசாரணை.

சித்தி மகள் வளைகாப்பில் குங்குமத் தாம்பாளம் எனக்கு முன்னால் வந்தது, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போனது. வாழாவெட்டி என்ற சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தாம்பாளம் சொல்லிவிட்டது. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்காகத்தான் கோயிலுக்குப் போனேன். தட்டை நீட்டியதும் குருக்கள் "பேர், நட்சத்திரம்" என்றார். என் வாய் பழக்கத்தில் அவர் பெயர், மகம், சிம்மம் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றது. பின்னால் வரிசை. "உங்க பேரைச் சொல்லுங்கோம்மா" என்றார் குருக்கள். சொன்னேன். நட்சத்திரம்? கேட்டை என்று நினைவுக்கு வரவே ஒரு நொடி ஆனது. அவருக்கு, மாமியாருக்கு, பையனுக்கு என்று 14 வருடம் ஒப்பித்ததில் என்னுடையதைச் சொல்லியே பழக்கமில்லை. (கேட்டைக்காரி மூத்தாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, ஆகாது என்பார்கள். அவர்தான் வீட்டில் மூத்த பிள்ளை, எனக்கு மூத்தார் என்று யாரும் கிடையாது. அதனால் ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியது!)

அந்த ஒரு நொடிதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

திருவாலங்காடு, நான் தினமும் ரயிலில் கடக்கும் ஸ்டேஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி, ஆட்டோ பிடித்து, காரைக்கால் அம்மையார் சிலை இருக்கும் சிவன் கோயிலுக்குப் போனேன். காரைக்கால் அம்மையார் கதையை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் மாம்பழக் கதையாகத்தான் படித்தோம். பிற்பாதியில் யாரும் நின்று பேசுவதில்லை. பரமதத்தன் மனைவியைக் கண்டு பயந்து, வாணிபம் என்று கப்பலேறிப் போய்விடுகிறான். பாண்டிநாட்டில் வேறு பெண்ணைக் கட்டுகிறான். பிறந்த மகளுக்கு, விட்டுவந்த மனைவியின் பெயரான புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். சொந்தக்காரர்கள் விடுவார்களா? அவளைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோய் அவன் ஊரில் இறக்குகிறார்கள். என் பெரியப்பாவும் மாமாவும் வாடகைக் கார் பிடித்து என்னை அப்படித்தான் கொண்டுபோய் விட்டார்கள், இரண்டு தடவை. அங்கே அவன் அவள் காலில் விழுகிறான். அவளோ, ஏன் இப்படிச் செய்தாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்காகத் தாங்கிய இந்த உடம்பு இனி வேண்டாம், பேயுரு கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தன் வழியே போகிறாள்.

எனக்கு அழகு போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை, மாதம் ஒருமுறை தலைக்குச் சாயம் அடிப்பவள் நான். ஆனால் அந்த ஒரு கேள்வியை அவள் கேட்கவே இல்லை என்பது எனக்கு நாற்பது வயதில்தான் கண்ணில் பட்டது. என் தலைக்குள் கோர்ட் கூடியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆடுகிறவன் காலடியில், எலும்பும் தோலுமாக, தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். கோர்ட் கூடவில்லை. அடடா என்று சந்தோஷமாக ரயில் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் மோசூர் வருவதற்குள் கூடிவிட்டது.

ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு போவதை விடவில்லை. அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியில் 101 பாட்டு. ரயிலில் நாளைக்கு ஒன்று, புரியாவிட்டால் மறுநாளும் அதே. முடிக்க எட்டு மாதம் ஆனது. வாய்தாக்கள் தள்ளித் தள்ளிப் போயின, அவ்வளவுதான் சொல்வேன். தாலியை உண்டியலில் போடச் சொன்னாள் அம்மா. நான் விற்றுவிட்டு ஸ்கூட்டி வாங்கினேன்.

மூன்றாம் பெஞ்ச்:

அக்கா, கோர்ட் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் எனக்கு நடந்தது வேறு மாதிரி. விவாகரத்து கேட்டது என் மனைவி. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன், என்ன குறை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். நண்பன் பொறுக்க முடியாமல் சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது விபாசனா தியான மையத்தில் பெயர் பதிந்துவிட்டான். பத்து நாள். கட்டணம் கிடையாது, முடித்த பிறகு விரும்பினால் நன்கொடை. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், புத்தகம் பேனாகூடக் கூடாது, பேச்சு இல்லை. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்கவேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். முட்டி கழன்றுவிடும்போல இருக்கும்.

ஆறாவது நாள் அந்த முட்டி வலிக்கு நடுவில், சம்பந்தமே இல்லாமல் மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் ஞாபகம் வந்தது. ஆபீசில் ஆடிட் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். வாசல் வரை வந்தவள் "சாப்பிட்டுப் போங்களேன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது, சண்டைகூடப் போடவில்லை. எட்டு வருடம் கழித்து, அவள் சொன்னது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று அங்கே உறைத்தது. அழுதேன், சத்தம் வராமல் அழுவது அங்கே பெரிய வேலை.

போன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாமா என்று உதவி ஆசிரியரிடம் கேட்டேன். இங்கே முடிவு எடுக்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். வந்து பார்த்தேன், அவள் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். போன் பண்ணவில்லை. இப்போது மகள் இரண்டாவது சனிக்கிழமை வரும்போது அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. தியானம் தினமும் செய்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கத்தரிப்பூ:

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மேலே சொன்னதைக் குறை சொல்லவும் வரவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நாம் உடைந்து கிடக்கும் நேரம் பார்த்து ஆள் வருவார்கள். களத்திர தோஷம், அதாவது ஜாதகத்தில் கல்யாண வாழ்க்கைக்கு ஆகாத தோஷம், அதற்குப் பரிகாரம் என்று ஒருவர் என்னிடம் 45,000 ரூபாய் கேட்டார். அம்மா நகையைக் கழற்றவே போய்விட்டாள். நான் அந்தப் பணத்தில் நீச்சல் கற்றுக்கொண்டு, மீதியில் மிக்ஸி மாற்றினேன். முதல் முறை தண்ணீரில் மிதந்தபோது வந்ததை நீங்கள் ஆன்மீகம் என்று சொல்வீர்களோ என்னவோ. நான் நீச்சல் என்றுதான் சொல்வேன்.

அரக்கோணம் அக்காவிடம் ஒரு கேள்வி. இப்போதெல்லாம் அர்ச்சனைக்கு உங்கள் பெயர் மட்டும்தானா?

அரக்கோணம் லோக்கல்:

கத்தரிப்பூ, நீச்சல் எந்த வயதில் கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள், எனக்கும் ஆசை இருக்கிறது.

கேட்டதற்குப் பதில்: ரொம்ப நாள் அப்படித்தான், என் பெயரும் பையன் பெயரும் மட்டும். போன மாதம் அவருக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, "அப்பாவுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடும்மா" என்றான். போனேன். முதலில் பையன் பெயர், அப்புறம் என் பெயர், கேட்டை, விருச்சிகம். கடைசியாக அவர் பெயர், மகம், சிம்மம். குருக்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தை ஆரம்பித்தார். தேங்காய் நல்ல முற்றல். மறுநாள் அம்மா துவையல் அரைத்தாள்.