மறு: மறு: தெருவைத் தோட்டத்தால் வடிவமைப்பது, ஒரு சொல் வேண்டும்

கோவை: நண்பர்களே, இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகர் பற்றிய பாடத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1907-இல் தொடங்கிய குடியிருப்பு. கட்டடக் கலைஞர் ரேமண்ட் அன்வின் திட்டமிட்டது. ஏக்கருக்குச் சராசரி 8 வீட்டுக்கு மேல் கூடாது என்று 1906-ஆம் ஆண்டுச் சட்டமே வரம்பு கட்டியது. குடியிருப்பை நிறுவிய ஹென்ரியட்டா பார்னெட்டின் விருப்பப்படி வீட்டுக்கு வீடு மதில் கிடையாது, செடிவேலியும் கொடி படரும் தட்டியும்தான். தெருவோரம், வாசல், திருப்பம் எல்லாம் அவற்றால்தான் உருப்பெறுகின்றன. இந்த முறைக்கு 'பசுங்கட்டு' என்று வைத்திருக்கிறேன். சரியா?

சென்னை: என் மாணவர்களுக்குக் கீரைக்கட்டுதான் நினைவுக்கு வரும். 'பசுமைக் கட்டமைப்பு' என்றும் போய்விடாதீர்கள். அது ஏரி, மழைநீர், பூங்கா எல்லாம் சேர்ந்த வேறு விஷயம். 'தோட்டவழி வடிவமைப்பு' போதும்.

மதுரை: புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லை இவ்வளவு தட்டையாக்க வேண்டுமா? புறநானூறு 200-இல் கபிலர் 'புனைகொடி முல்லை' என்கிறார். அதையொட்டிப் 'புனைபசுமை' எனலாம். கொடி படரும் தட்டியைப் பந்தல் எனலாம், அதையும் 'பந்தர்' என்றே எழுதுங்கள்.

கோவை: பந்தர், பந்தல் கடைப்போலிதானே ஐயா, கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாத சாம்பர், சாம்பல் மாதிரி? எது எழுதினாலும் பிழையில்லை.

சென்னை: பந்தல் கல்யாணம் முடிந்ததும் பிரிக்கிற சமாச்சாரம். பாடத்தில் வருவது நிலையாக நிற்பது.

தேனி: கம்பம் பக்கம் வந்து பாருங்கள். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல் வருடக்கணக்காக நிற்கிறது. 'கொடிப்பந்தல்' என்று போடுங்கள், எங்கள் ஊரில் யாரும் அகராதி தேட மாட்டார்கள்.

யாழ்ப்பாணம்: இலண்டனை இவ்வளவு வியக்க வேண்டாம். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை, அதாவது வேலிக்கு நடும் பச்சைக் கம்புகளை, நட்டால் துளிர்த்து வேலியாகும். இரண்டு வேலிக்கு நடுவே கிடக்கும் சிறு தெருதான் எங்கள் ஒழுங்கை. அதன் அகலம், நிழல், யார் முற்றம் கண்ணில் படும், எந்தப் பொட்டு (வேலி இடைவெளி) வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகலாம், எல்லாம் வேலி முடிவு செய்வது. குழையை வெட்டி ஆட்டுக்கும் போடலாம். மதில் எழும்பிய இடங்களில் ஒழுங்கை வெயில் காயும் சந்தாகிவிட்டது. 'கதியாலமைப்பு' என்று வையுங்கள்.

சென்னை: நல்ல சொல் அக்கா. ஆனால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

யாழ்ப்பாணம்: புனைபசுமை எத்தனை பேருக்குத் தெரியும் தம்பி?

மதுரை: வேலி என்ற சொல்லையே முதலில் ஆராய வேண்டும். தஞ்சையின் பழைய நில அளவையில் 20 மா ஒரு வேலி. அடைத்த நிலத்தின் பெயர் அளவுக்கு வந்ததா, அளவின் பெயர் அடைப்புக்கு வந்ததா? 'வேல்' என்ற முள்மரத்தையும் சேர்த்துப் பார்த்தால்...

கோவை: ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குவோமா? இப்போதைக்குச் சென்னை சொன்ன 'தோட்டவழி வடிவமைப்பு' என்பதையே தலைப்பில் போடுகிறேன். உள்ளே கொடிப்பந்தல். செடிவேலியை மாற்றி, கொங்கில் நாங்கள் சொல்லும் 'உயிர்வேலி'. கதியாலும் ஒழுங்கையும் பெட்டிச் செய்தியில்.

தேனி: சரி.

யாழ்ப்பாணம்: பெட்டியில் எதற்கு? பாடத்தின் முதல் எடுத்துக்காட்டாகவே போடலாமே. எனக்குச் சம்மதமில்லை.

மதுரை: எனக்கும் இல்லை, வேறு காரணத்துக்காக. வேல் மரம் பற்றி இரவு எழுதுகிறேன்.