ஜெட்டைக் குறைப்பதா, ஏர் ப்ளீடைப் பெரிதாக்குவதா?

நாலுபேரல்:
4150 வகை ஹாலி கார்புரேட்டர், 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). முன், பின் இரண்டிலும் பவர் வால்வு (பாரம் ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது) உண்டு. மெயின் ஜெட் 72, மெயின் ஏர் ப்ளீட் 0.028 அங்குலம். முழு த்ராட்டிலில் 3500 ஆர்பிஎம்மில் வைட்பேண்ட் சென்சார் 12.8 காட்டுகிறது (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் இத்தனை பங்கு காற்று; எண் இறங்கினால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; ஏறினால் லீன்). 6500 வரும்போது 11.6-க்கு இறங்கி, பின்னால் கறுப்புப் புகை. எதை மாற்றட்டும்?

பழைய_ஸ்பேனர்:
ஜெட்டை 70 ஆக்குங்கள், வேலை முடிந்தது. எரிபொருளை அளப்பது ஜெட்தான். ப்ளீட் வெறும் காற்றுத் துளை. அதில் கை வைத்தவர்கள் திரும்பும் வழி தெரியாமல் நிற்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வெஞ்சூரி:
70 போட்டால் மேலே சரியாகும், கீழே? 12.8-இல் இருக்கும் 3500 தேவையில்லாமல் லீனாகும். ஜெட் அந்த சர்க்யூட்டை, அதாவது பெட்ரோல் போகும் பாதையை, முழுவதும் நகர்த்தும். இவருக்கு மாற வேண்டியது மேல் முனை மட்டும்.

பழைய_ஸ்பேனர்:
ஸ்ட்ராவில் ஓட்டை போட்டால் உறிஞ்சுவது குறையும் என்ற கதையைத்தானே சொல்லப் போகிறீர்கள்? ஓட்டை கீழேயும் அதே ஓட்டை, மேலேயும் அதே ஓட்டை. அப்புறம் 6500-இல் மட்டும் ஏன் அதிகமாக லீனாக்கும்?

வெஞ்சூரி:
நல்ல கேள்வி அண்ணே. முதலில், ப்ளீடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏற ஏற வெஞ்சூரியில் (காற்று போகும் குறுகலான தொண்டை) காற்றின் அடர்த்தி குறையும், பெட்ரோலின் அடர்த்தி குறையாது. அதனால் வெறும் ஜெட் மட்டும் இருந்தால் கலவை தானாகவே ரிச்சாகிக்கொண்டே போகும். அதைப் பிடித்து இழுப்பதுதான் ப்ளீடின் வேலை.

இழுப்பது எப்படி? ஜெட்டைத் தாண்டியதும் மெயின் வெல் என்ற சின்னக் கிணற்றில் பெட்ரோல் நிற்கிறது, பக்கவாட்டில் ப்ளீடின் காற்று வரும் எமல்ஷன் துளைகள். பூஸ்டரின் (வெஞ்சூரி நடுவில் பெட்ரோல் வெளிவரும் முனை) உறிஞ்சல் கூடும்போது வெல்லில் மட்டம் இறங்கும். மூழ்கியிருந்த துளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து காற்றை விடும். பெட்ரோல் நுரை மாதிரி ஆகி மேலே போகும், ஜெட்டின் மேல் விழும் உறிஞ்சல் தணியும். உள்ளே போகும் காற்றின் அளவு சொற்பம்தான், ஜெட்டுக்குக் கிடைக்கும் உறிஞ்சலை அது குறைப்பதுதான் விஷயம். ஓட்டை ஒன்றுதான், ஆனால் மேலே போகப் போக அது செய்யும் வேலை கூடுகிறது.

பழைய_ஸ்பேனர்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள். ப்ளீட் பெரிதானால் மெயின் சர்க்யூட் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். ஐடில் சர்க்யூட்டிலிருந்து (த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் தரும் பாதை) மெயினுக்கு மாறும் இடத்தில் வண்டி தடுமாறும். உடனே பம்ப் கேமை (மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சும் பம்பை இயக்குவது) மாற்றுவார்கள், அப்புறம் ஐடில் ப்ளீடையும் தொடுவார்கள். அந்தக் கூத்தைத்தான் சொன்னேன்.

இன்னொன்று. ப்ளீடை 28-லிருந்து 31 (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கு) ஆக்குவது வெறும் மூன்று படி என்று நினைக்காதீர்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கம்: 22 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. ஐடில் ப்ளீடில் அதே மூன்றைக் கூட்டி 70-ஐ 73 ஆக்கினால் 9 சதவீதம்கூட வராது. சின்னத் துளையில் சின்ன மாற்றம் என்று எதுவும் கிடையாது.

வெஞ்சூரி:
இது முழுக்க உண்மை. அதனால்தான் துளைபோடும் பிட்டைக் கையில் எடுக்கக் கூடாது. திருகிக் கழற்றும் ப்ளீட் இருந்தால் மட்டும் மாற்றிப் பாருங்கள். பழைய ப்ளீடைத் தூக்கி எறியாதீர்கள்.

பழைய_ஸ்பேனர்:
அதற்கும் முன்னால் ப்ளோட் மட்டம் (கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) பார்த்தாரா? மட்டம் ஏறியிருந்தால் மெயின் சீக்கிரமே ஊற்ற ஆரம்பிக்கும். ப்ளீடில் அழுக்கு அடைத்திருந்தாலும் மேலே ரிச்தான்.

நாலுபேரல்:
பார்த்துவிட்டேன். ப்ளீட் சுத்தம். பின்பக்க ப்ளோட் கொஞ்சம் உயரம்தான், சரிசெய்தேன். 3500-இல் 13.0, 6500-இல் 11.7. மேல் முனை அசையவே இல்லை. பிறகு 31 போட்டேன்: 3500-இல் 13.2, 6500-இல் 12.5. புகை போய்விட்டது. ஆனால் மெதுவாக மிதிக்கும்போது ஒரு நொடி இருமுகிறது.

பழைய_ஸ்பேனர்:
இருமலைத்தான் சொன்னேன்.

வெஞ்சூரி:
30 கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் 31 இருக்கட்டும், ஜெட்டை 73 ஆக்குங்கள். ஆமாம் அண்ணே, ஜெட்தான்.