புரட்டாசிச் சனிக்கிழமையில் பிறந்தநாள் விருந்து: எந்த உணவகத்துக்குப் போவது?

மாலைவெயில் (வேளச்சேரி) கேட்டது:

வணக்கம். செப்டம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமை என் முப்பதாவது பிறந்தநாள் வருகிறது. கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஆறு பேரைச் சென்னையில் ஏதாவது ஓர் உணவகத்துக்கு இரவு விருந்துக்கு அழைக்கலாம் என்று நினைத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை கேட்டேன். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஜைனத் தோழி வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொடமாட்டாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடவும் மாட்டாள். இன்னொரு தோழிக்கு ஹலால் உணவாக இருக்க வேண்டும், மது பரிமாறும் இடமாக இருக்கக் கூடாது. ஒருவனுக்கு முந்திரி ஒவ்வாமை உண்டு. தெரியாமல் சாப்பிட்டுத் தொண்டை வீங்கி மருத்துவமனை வரை போனவன் அவன். இருவர் புரட்டாசி முழுவதும் சைவம், அதில் ஒருவர் அசைவம் சமைத்த பாத்திரத்தில் செய்ததையும் ஏற்கமாட்டார். கடைசி ஆளோ, "கோழி இல்லாமல் என்ன விருந்து? சாம்பார் சாப்பிடவா தாம்பரத்திலிருந்து வருவேன்?" என்று கேட்கிறான்.

ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வரை செலவிடலாம் என்று இருக்கிறேன். எல்லோரும் மனம் கோணாமல் சாப்பிட்டு எழ, எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

மாடவீதிக்காரர்:

வாழ்த்துகள். உங்கள் பட்டியலைப் படித்ததும் தோன்றியது இதுதான்: ஆறு பேருடைய நிபந்தனைகளையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். விரதம், மார்க்கம், ஒவ்வாமை ஆகியவை மீற முடியாதவை; கோழி வேண்டும் என்பது ஆசை. அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. குழுவில் அதிகமாகச் சத்தம் போடுகிறவர் அவர் என்பதால்தான் அவருடைய பிரச்சினை பெரிதாகத் தெரிகிறது.

மீற முடியாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், மது இல்லாத முழுச் சைவ உணவகம் ஒன்றே ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்த்துவிடும். இறைச்சியே இல்லாத இடத்தில் ஹலால் கேள்வி பெரும்பாலும் எழாது. ஆனாலும் தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாத்திரக் கவலையும் இல்லை. கொஞ்சம் விருந்துக் களை வேண்டுமென்றால் எழும்பூர் அன்னலட்சுமி போன்ற இடங்களை விசாரிக்கலாம். வட இந்தியப் பழக்கமுள்ள தோழிக்காகக் குஜராத்தி, ராஜஸ்தானி தாலி எனும் தட்டுச் சாப்பாடு தரும் உணவகத்தையும் பார்க்கலாம். அங்கே ஜைனச் சமையல் என்றால் விளக்க வேண்டியதில்லை.

நேரத்தை மட்டும் மாற்றியாக வேண்டும். செப்டம்பர் இறுதியில் சென்னையில் மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். எட்டு மணி விருந்துக்கு வந்து அந்தத் தோழி தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருப்பதற்கா அழைக்கிறீர்கள்?

கூட்டாஞ்சோறு:

மேலே சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. புரட்டாசிச் சனிக்கிழமை மாலையில் சென்னையின் நல்ல சைவ உணவகங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். நாம் கடைசிக் கவளத்தை வாயில் வைப்பதற்குள், நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் கைப்பையோடு நின்று நம் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்தநாள் அரட்டைக்கு அது இடமில்லை. அதே மாதத்தில் அசைவ உணவகங்களில் மேசை எளிதாகக் கிடைக்கும், கவனிப்பும் நன்றாக இருக்கும். ஆகவே, சைவத்துக்குத் தனிச் சமையலறை வைத்திருக்கும் ஹலால் உணவகம் கிடைத்தால் கோழிக்காரரும் மகிழ்வார்.

ஆனால் 'தனி' என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சீன உணவு தரும் பல இடங்களில் சைவ ஃப்ரைடு ரைஸும் சிக்கன் ஃப்ரைடு ரைஸும் ஒரே வாணலியில்தான் புரளுகின்றன. தாய் உணவின் கறி விழுதில் இறால் சேர்வது வழக்கம். உங்கள் விரதக்காரர் பாத்திரம்வரை பார்ப்பவர் என்பதால், நேரில் போய்க் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பழைய கேப்டன்:

உணவகங்களில் மேசைப் பொறுப்பாளராக வெகுகாலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. நீங்கள் எல்லோரும் ஜைனத் தோழியையும் கோழி நண்பரையும் பற்றிப் பேசுகிறீர்கள். உங்கள் மேசையில் உண்மையான ஆபத்து முந்திரிதான்.

பெரும்பாலான உணவகங்களில் பனீர் பட்டர் மசாலாவும் கோஃப்தாவும் வெஜ் கடாயும் நீங்கள் கேட்டபிறகு முதலிலிருந்து செய்யப்படுபவை அல்ல. வெங்காயம், தக்காளி, பூண்டு, முந்திரி எல்லாம் வெந்து அரைத்த கிரேவி காலையிலேயே பெரிய பாத்திரத்தில் தயாராகிவிடும். மாலையில் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, மேலே கிரீமோ குடமிளகாயோ சேர்த்துப் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள். "முந்திரி வேண்டாம்" என்று பரிமாறுபவரிடம் நீங்கள் சொன்னால், மேலே தூவிய முந்திரியை மட்டும் எடுத்துவிட்டு வந்து வைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அரைத்துச் சேர்த்தது அவருக்கே நினைவில் இருக்காது. குருமா, பொங்கல், ரவா தோசை, கேசரி, பாதாம் அல்வா என்று கேட்காமலே முந்திரி நுழையும் இடங்கள் சைவ உணவகத்தில்தான் அதிகம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்தும் உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களை உணவுப் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இருந்தாலும் சமையல்காரரின் வாய்ச்சொல்லையும் பெறாமல் விடாதீர்கள். அந்த நண்பர் தம் மருந்தைக் கையோடு கொண்டுவரட்டும்.

வெங்காயம் பூண்டு இல்லாத உணவுக்கும் இதே கதைதான். தயாராக இருக்கும் கிரேவியிலிருந்து பூண்டைப் பிரிக்க முடியாது. முன்னதாகச் சொன்னால் தனியாகத் தாளித்த பருப்பு, ஃபுல்கா, தக்காளி மட்டும் சேர்த்த பனீர் என்று செய்து தருவார்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போட்டுப் பாவ் பாஜி செய்யும் இடங்கள்கூட உண்டு. இட்லி, தோசை பாதுகாப்பு என்று நீங்களாக முடிவு செய்துவிட வேண்டாம். புளித்த மாவைத் தவிர்க்கும் ஜைனர்களும் இருக்கிறார்கள், தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பேசுவதற்கு நேரம் உண்டு. மதியக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் தொடங்காத மூன்றரையிலிருந்து ஐந்து மணிக்குள், இரண்டு நாள் முன்னதாக நேரில் போய்க் கேப்டனைப் பாருங்கள். எட்டு உணவு வகைகளை அப்போதே முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மேசையில் ஏழு பேரும் பட்டியலைப் புரட்டத் தொடங்கினால் அரை மணி நேரம் அதிலேயே போகும். குழப்பமும் அப்போதுதான் வரும்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் சமையலறைக்குள்ளேயே நிற்பதால் பில்லைப் பற்றி இரண்டு வரி. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இந்த வித்தியாசம் உறைக்கும். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். வெளியிலிருந்து கேக் கொண்டுபோக அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முட்டையில்லாத கேக்காக வாங்கினால் போதாது. அதன் மேல் முந்திரி, பாதாம் துருவலும் இருக்கக் கூடாது.

மாலைவெயில்:

அனைவருக்கும் நன்றி. முந்திரி நண்பனிடம் கேப்டன் ஐயாவின் பதிலைக் காட்டினேன். அன்று தன் உயிருக்கு உலை வைத்தது பனீர் பட்டர் மசாலாதான் என்று இப்போதுதான் சொல்கிறான். எழும்பூர்ப் பக்கம் மது இல்லாத ஒரு சைவ உணவகத்தில், கூட்டம் சேர்வதற்கு முன்பாக மாலை நாலரை மணிக்கே ஏழு பேருக்கு மேசை கேட்டிருக்கிறேன். மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ எல்லோருக்கும் வந்துசேர வசதியான இடம். நாளை மதியம் நேரில் போய் உணவு வகைகளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். கோழிக்காரனிடம், ஐப்பசி பிறந்ததும் அண்ணா சாலை புகாரியில் பிரியாணி என்று சொல்லிவிட்டேன். சிக்கன் 65-உம் சேர்த்து என்றால் சாம்பாருக்கும் வரச் சம்மதமாம்.