இராட்சதக் கணவாய் 18 மீற்றரா? அளந்தவர் யார்?

நெடுந்தீவான்:
நேற்று இங்கே ஒருவர் "இராட்சதக் கணவாய் 18 மீற்றர் நீளம், கப்பலையே இழுத்து விழுத்தும்" என்று எழுதியிருந்தார். கீழே பாராட்டு வேறு! வாசித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நியூசிலாந்தில் ஸ்டீவ் ஓஷே என்ற ஆய்வாளர் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களைப் பார்த்தவர். தலையும் கைகளும் சேராத உடற்கூடு 2.25 மீற்றரைத் தாண்டியதே இல்லை. கைகளையும் சேர்த்தால் பெண் கணவாய் 13 மீற்றர் வரும். 18 எங்கிருந்து வந்தது?

குருநகர் வலைக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். 1878 இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் ஒதுங்கியது 55 அடி. உடல் 20, நீட்டுக் கை 35. கூட்டத் தெரியும்தானே?

நெடுந்தீவான்:
கூட்டினாலும் 17 மீற்றர்கூட வரவில்லை. அதையும் எந்த ஆய்வாளரும் அளக்கவில்லை. மீனவர்கள் மரத்தில் கட்டிவைத்து, நாய்களுக்கு இரையாக வெட்டிவிட்டார்கள். சந்தையில் ஒரு ஊசிக் கணவாயை எடுத்து அந்த இரண்டு நீட்டுக் கைகளையும் இழுத்துப் பாரும். மற்ற எட்டும் கிடந்தபடி கிடக்கும், இந்த இரண்டும் றபர் மாதிரி நீண்டுகொண்டே வரும். செத்துக் கரையொதுங்கியதை இழுத்து அளந்தால் எந்த நீளமும் வரும்.

குருநகர் வலைக்காரன்:
குருநகரானுக்கே கணவாய் காட்ட வந்துவிட்டார்!

பருத்தித்துறைப் பொடியன்:
அண்ணைமார், எங்கட கடலில் இது இருக்கா? ஒன்று கிடைத்தால் ஊருக்கே கூழ் காய்ச்சலாம்.

கொக்குவில் ரீச்சர்:
தம்பி, பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். இது பல நூறு மீற்றர் ஆழத்தில் வாழ்வது. கூழுக்கும் ஆகாது. தசையெல்லாம் அமோனியம் குளோரைட்டு, வாயில் வைக்க முடியாது. அந்த உப்புக் கரைசல் கடல்நீரைவிட இலேசு, அதனால்தான் உடல் அமிழாமல் நிற்கிறது. கண் 27 சென்ரிமீற்றர் அகலம். உணவுக்குழாய் மூளையின் நடுவால் போகிறது. இவ்வளவு அதிசயம் இருக்க, நீளத்தில் நின்று சண்டை பிடிக்கிறீர்களே!

நெடுந்தீவான்:
ரீச்சர், நீளம்தான் இங்கே பிரச்சினை. பொய்யான அளவை இன்று விட்டால் நாளைக்குப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும்.

குருநகர் வலைக்காரன்:
பொய் என்று எப்படிச் சொல்வீர்? 2004 வரை ஆழ்கடலில் உயிரோடு ஒரு படம் கிடையாது. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே 900 மீற்றர் ஆழத்தில் ஆய்வாளர் குபோடெரா எடுத்ததுதான் முதல் படம். தூண்டிலில் மாட்டிய நீட்டுக் கையை அறுத்துக்கொண்டு அது போய்விட்டது. ஆழ்கடல் வீடியோ கிடைத்ததே 2012 இல்தான். கண்டது இவ்வளவுதான், காணாதது எவ்வளவு? 2016 இல் சார்ள்ஸ் பக்ஸ்ரன் என்ற ஆய்வாளர் 20 மீற்றர் வரை வளரலாம் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். நீர் அவரிலும் பெரிய ஆளோ?

நெடுந்தீவான்:
"வளரலாம்." அந்தச் சொல்லை நீரே இன்னொருமுறை வாசியும். அது கணக்கு. நான் கேட்டது அளந்த உடல்.

பருத்தித்துறைப் பொடியன்:
இந்தக் கணவாயைத் தின்னும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் தோலில், கணவாய்க் கையின் உறிஞ்சிகள் பட்ட பெரிய பெரிய தழும்பு இருக்கிறதாமே? அப்ப பெரிய கணவாயும் இருக்கத்தானே வேணும்?

நெடுந்தீவான்:
குட்டியில் பட்ட தழும்பு திமிங்கிலம் வளர வளரப் பெருக்கும். அதை வைத்துக் கணவாயை அளக்க முடியாது. திருக்கை விவாதத்திலும் இதே கதைதான் நடந்தது. ஆதாரம் கேட்டால் வேறு பக்கம் இழுப்பது.

குருநகர் வலைக்காரன்:
திருக்கையை ஏன் இதற்குள் கொண்டுவருகிறீர்? நான் போட்ட படத்தை ஒட்டுவேலை என்று சொன்னது நீர்தானே? அதற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கொக்குவில் ரீச்சர்:
திரும்பவும் திருக்கையா?

நெடுந்தீவான்:
அளந்தவர் பெயர், இடம், ஆண்டு. 18 மீற்றருக்கு இந்த மூன்றையும் எழுதும். அதற்குப் பிறகு திருக்கையைப் பற்றிக் கதைப்போம்.

குருநகர் வலைக்காரன்:
முதலில் திருக்கை.