கொவிட் காலத்தில் கிட்னி மாற்றுக்குக் காத்திருந்தவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி அக்கா:
கொவிட் என்றாலே எல்லாரும் ஒக்சிஜன், கட்டில் என்றுதான் எழுதுகிறார்கள். சரி, அதுவும் நடந்ததுதான். ஆனால் கொவிட்டே வராமல் அதில் மாட்டுப்பட்ட ஒரு கூட்டம் இருக்கிறது, என் தம்பி அதில் ஒருவன். அம்மாவின் கிட்னியை வைப்பதாக முடிவாகி, இரத்தக் குறூப், திசுப் பொருத்தம், அம்மாவின் எக்கோ, ஸ்கேன் எல்லாம் சரிவந்து, கண்டியில் திகதி தருவார்கள் என்று இருந்த நேரத்தில் 2020 மார்ச் 20, ஊரடங்கு. மாற்றின கையோடு எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குவார்கள், அந்த நேரம் வைரஸ் பிடித்தால் தாங்காது, ஐசியூ கட்டிலும் வேண்டும், சுகமாக இருக்கிற அம்மாவையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் திகதியைத் தள்ளிப்போடலாம், உடம்பைத் தள்ளிப்போட முடியுமா? தம்பிக்கு டயலிசிஸ் நடந்துகொண்டேதான் இருந்தது. ஹீமோகுளோபின் இறங்கி, அதை ஏற்றுகிற ஊசியும் ஒழுங்காகக் கிடைக்காமல், கடைசியில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. இரத்தம் ஏற்றினால் உடம்பில் புது எதிர்ப்பொருள் உண்டாகலாம், முன்பு பொருந்தின கிட்னி பிறகு பொருந்தாமல் போகலாம் என்று அப்போதுதான் சொன்னார்கள். மறுபடி குறொஸ்மட்ச், அதாவது அம்மாவின் அணுக்களைத் தம்பியின் இரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கிற சோதனை. அது நல்லபடியாக வந்தது, ஆனால் அதற்குள் அம்மாவின் பிரஷர் கூடி, இரண்டு வகைக் குளிசையில் நின்றார். அவரை வேண்டாம் என்று விட்டார்கள். 2022 தொடக்கத்தில் கொடுத்தது நான்தான். அம்மாவுக்கு இன்னும் கோபம், “என்ட கிட்னிக்கு என்ன குறை?” என்று கேட்பார், யாரிடம் கேட்கிறார் என்றுதான் தெரியவில்லை.

அக்கரைப்பற்று:
அக்கா, என் வாப்பாவுக்குக் கொவிட்டுக்கு முன்பே மாற்றியாச்சு. எங்களுக்குப் பிரச்சினை டக்ரோலிமஸ் லெவல், அதாவது மாற்றின கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடுகிற குளிசை இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது. காலைக் குளிசையைப் போடுவதற்கு முன்னால், முதல் நாள் இரவுக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அதனால் கண்டிக் கிளினிக்குக்குச் சாமத்தில் வான் பிடித்து அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவும் ஏறுவோம், வாப்பா காலைக் குளிசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், இரத்தம் எடுத்த பிறகுதான் வாய்க்குள். 2020 நவம்பர் கடைசியில் சந்தையில் தொடங்கின கொவிட் கொத்தணி வந்து ஊரையே மூடினார்களே, அப்போது வான் ஏது? இங்கேயே கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தச் சோதனையை எடுத்து ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பில் அனுப்ப, அங்கிருந்து டொக்டர் போனில் அளவு சொன்னார். கிரியேட்டினின் ஒரு துப்புத்தான் தரும், மருந்தின் லெவலைச் சொல்லாது. அந்த மாதங்களைப் பயத்தோடுதான் ஓட்டினோம்.

பிறகு 2021இல் வாப்பாவுக்கே கொவிட். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மற்றக் குளிசைகளில் மைக்கோபினோலேட்டை நிறுத்தி, பிரட்னிசலோனை மட்டும் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். இடையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இருமலுக்குக் கிளரித்ரோமைசின் தந்தார்கள், நல்லவேளை கொடுப்பதற்கு முன்னம் கிளினிக்குக்கு அடித்துக் கேட்டேன். அது டக்ரோலிமஸைத் தாறுமாறாக ஏற்றிவிடுமாம். மாற்றுச் செய்தவர் வீட்டில் இருந்தால் எந்த அன்டிபயோட்டிக்கையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். தடுப்பூசியும் அப்படித்தான், இவர்களுக்கு இரண்டு ஊசி சரியாகப் பிடிக்காது, மூன்றாவதும் தேவை என்றார்கள், பூஸ்டர் தொடங்கினதும் வாப்பாவை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

களுவாஞ்சிக்குடி:
எனக்கு வீட்டில் பொருந்துகிற ஆள் இல்லை, மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குத்தான் பெயர் கொடுத்திருந்தேன். ஊரடங்கில் வீதி விபத்துக் குறைந்தது, ஐசியூவும் நிரம்பியது, அப்படியானால் கிட்னி எங்கிருந்து வரும்? விபத்துக் குறைந்ததைக் கேட்டு எரிச்சல்பட்ட ஆள் நான் மட்டும்தான் இருப்பேன். இன்னும் டயலிசிஸ்தான். அக்கா, கொடுத்த பிறகு நீங்கள் கிளினிக் போகிறீர்களா?

கல்லடி அக்கா:
ஓம் தம்பி, வருடத்துக்கு ஒரு தடவை. பிரஷர், கிரியேட்டினின், சலத்தில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள். நோவுக் குளிசை மட்டும் சும்மா வாங்கிப் போடக் கூடாது, டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் பக்கமே போவதில்லை. தலையிடித்தால் பனடோல்தான்.