‘மாதிரிச் சவ்வு’க்கு மாற்றுச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான உயிரியற்பியல் நூல் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஐந்தாம் இயலில் தடைபட்டு நிற்கிறேன். ஆய்வகத்தில் கொழுப்பு மூலக்கூறுகளைக் கொண்டு உருவாக்கும் சவ்வுகளைப் பற்றியது அந்த இயல். ஒரு மருந்தோ நஞ்சோ புரதத்துண்டோ உயிரணுவின் மேல் வந்து படியும்போது என்ன நடக்கிறது என்பதை, உயிரணுவே இல்லாமல் இந்தச் சவ்வுகளில் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் மாடல் மெம்பிரேன் என்பார்கள். இதுவரை ‘மாதிரிச் சவ்வு’ என்று எழுதிவந்தேன். நேற்று ஒரு வாக்கியம் இப்படி வந்து நின்றது: “மாதிரிச் சவ்வின் மூன்று மாதிரிகள் எடுக்கப்பட்டன.” எழுதிய எனக்கே இரண்டாம் முறை படித்தால்தான் விளங்குகிறது. செயற்கைச் சவ்வு, போலிச் சவ்வு என்று இரண்டு தோன்றின. இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

இவற்றின் வகைகளுக்கும் பெயர்கள் வேண்டும். உதவுங்கள்.

* * *

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

அந்த வாக்கியத்தை அடித்துவிடாதீர்கள், பத்திரமாக வைத்திருங்கள். நாம் தேடும் சொல் தேறுமா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை கிடையாது.

சிக்கல் ‘மாதிரி’யில் இருக்கிறது. அறிவியல் தமிழில் இந்த ஒரு சொல்லின் தலையில் மூன்று சுமைகளை ஏற்றியிருக்கிறோம். இரத்த மாதிரி, மண் மாதிரி என்னும்போது அது சோதனைக்காக எடுத்த சிறு பங்கு. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரி என்னும்போது, சவ்வு எப்படி அமைந்திருக்கும் என்று விளக்கும் கருத்துப்படம், தாளில் இருப்பது. மாதிரி உயிரினம் என்னும்போது, பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தேடுவதற்காகத் தேர்ந்துகொண்ட எளிய உயிர். உங்கள் சவ்வு இந்த மூன்றாம் வகை. ஆனால் படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது முதற்பொருள்தான்: எங்கோ ஒரு திசுவிலிருந்து வெட்டியெடுத்த சவ்வுத்துண்டு. இந்தச் சவ்வு எந்த உடலிலிருந்தும் வெட்டியெடுக்கப்படாதது என்பதே அதன் முதல் தகுதி என்பதால், பொருள் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இடம் மாற்றிச் ‘சவ்வு மாதிரி’ என்றால் இன்னும் மோசம். பேச்சை இழுத்துக்கொண்டே போகிறவரைப் பற்றி நாம் சொல்வதுதான் காதில் விழும்.

செயற்கைச் சவ்வு என்ற பெயர் ஏற்கெனவே வேறிடத்தில் குடியிருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக் கருவியிலும் நீர் வடிப்பானிலும் இருக்கும் பலபடிச் (பாலிமர்) சவ்வுகளுக்கு அது பொருந்தும். நம் சவ்வின் மூலப்பொருளோ பல நேரங்களில் முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் சோயாவிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் பிரித்தெடுத்தது. அது சவ்வாகக் கூடுவதும் தானாகவே நடக்கிறது. நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரட்டை வாலும் கொண்ட மூலக்கூறுகள் நீரில் விடப்பட்டால் வாலோடு வால் சேர்ந்து ஈரடுக்காகிவிடும். உயிரணுவில் நடப்பதும் இதே இயற்பியல்தான். இதைச் செயற்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

போலி என்ற சொல் இலக்கணத்தில் பழுதற்றது. அறம், அறன் ஆவதைக் கடைப்போலி என்கிறோம்; ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்று பொருள் கெடாமல் இருப்பது. அந்தப் பொருளில் எடுத்தால் மிக அழகாகப் பொருந்தும். ஆனால் போலி மருந்து என்ற தொடர் செய்தித்தாளில் வரும் காலத்தில், மருந்தியல் மாணவரிடம் போய் ‘போலிச் சவ்வில் சோதித்த மருந்து’ என்று சொல்ல முடியாது.

இனி, இந்தச் சவ்வு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெயர் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உயிரணுச் சவ்வு நெரிசலான இடம். நூற்றுக்கணக்கான கொழுமிய (லிப்பிட்) வகைகள், எடையில் ஏறக்குறைய பாதியளவு புரதங்கள், வெளிப்புறம் சர்க்கரைச் சங்கிலிகள், உட்புறம் தாங்கிப் பிடிக்கும் புரதச் சட்டகம். ஒரு மூலக்கூறு உள்ளே போய்விட்டது என்றால் அதை உள்ளே விட்டது எது? ஒரு புரத வாயிலா, கொழுமிய அடுக்கின் இளக்கமா, உயிரணு தானாக விழுங்கியதா? அந்த நெரிசலில் நின்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கொழுமிய அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, முன்னதோடு பின்னதை ஒப்பிடுகிறார்கள்.

தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். 26 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. கொழுமியத்தாலான நுண்ணிய பைகளுக்குள் கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தை மிக அடர்த்தியாக அடைப்பார்கள். அவ்வளவு நெருக்கத்தில் சாயம் தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். மெலிட்டினைச் சேர்த்ததும் பை ஓட்டையாகிச் சாயம் வெளியே பரவி ஒளிரத் தொடங்கும். பையில் புரதம் எதுவும் இல்லை. எனவே துளை விழுவதற்குப் புரதம் தேவையில்லை என்று தெரிந்துவிடுகிறது. 1990இல் மெலிட்டினின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தைச் செய்து சோதித்தபோது அதுவும் அதே வேலையைச் செய்தது. குறிப்பிட்ட ஒரு புரதப் பூட்டைத் தேடிப் போகும் சாவியாக இருந்திருந்தால் பிம்ப வடிவம் பொருந்தியிருக்காது.

இப்போது கொழுமியத்தை மாற்றுங்கள். நம் உயிரணுக்களின் வெளிப்பரப்பில் மின்னூட்டம் நிகராகிவிடும் பாஸ்பாட்டிடைல்கோலின் போன்றவையும் கொலஸ்டிராலும் மிகுதி. பாக்டீரியச் சவ்வில் பாஸ்பாட்டிடைல்கிளிசரால் போன்ற எதிர்மின்னூட்டக் கொழுமியங்கள் நிறைந்திருக்கும். இரண்டு வகைப் பைகளையும் அருகருகே வைத்து, நேர்மின்னூட்டமுள்ள நுண்ணுயிர்க்கொல்லிப் புரதத்துண்டு ஒன்றைச் சேர்த்தால், அது எதன்மேல் பாய்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பது கண்முன்னே தெரியும். பூஞ்சைக்கு எதிரான ஆம்போடெரிசின் பி மருந்தின் தேர்வுத்திறனும் இவ்வாறே விளங்கியது. பூஞ்சைச் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலோடு அது ஒட்டும் அளவுக்கு நம் கொலஸ்டிராலோடு ஒட்டுவதில்லை.

ஆக, இந்தச் சவ்வுக்கு இரண்டு இயல்புகள். உயிரணுச் சவ்வை அது ஒத்திருக்கிறது, அதைக்கொண்டு ஒப்பிடுகிறோம். தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது: ஒப்பு. எனவே என் பரிந்துரை ஒப்புச்சவ்வு. வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் வல்லினம் இயல்பாக மிகும். ஒற்றை மூச்சில் சொல்லலாம். ‘நிகர்ச்சவ்வு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். நிகர் என்பது சமம் என்று உரிமை கொண்டாடுகிறது. இந்தச் சவ்வுக்கு அந்த உரிமை கிடையாது.

நீங்கள் ‘கொழுப்பு மூலக்கூறுகள்’ என்று எழுதியிருந்தீர்கள். இதில் மட்டும் சற்றுக் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். எண்ணெயிலும் நெய்யிலும் இருக்கும் கொழுப்புக்கு நீரை நாடும் பெரிய தலை இல்லை. அது நீரில் துளியாகத் திரளும், ஈரடுக்குச் சவ்வாகாது. கொழுப்புச் சவ்வு என்று எழுதினால் இல்லாத ஒரு பொருளுக்குப் பெயர் வைத்ததாகிவிடும். கொழுமியம் என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதையே இயல் முழுவதும் ஆளுங்கள்.

வகைகளுக்கு வருகிறேன்.

நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு உயரத்தில் பரவி நிற்பது ஓரடுக்கு. 1925இல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுமியத்தைப் பிரித்து இப்படிப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு பரப்பு கிடைத்தது. சவ்வு ஈரடுக்கு என்ற முடிவுக்கு வந்தார்கள். கொழுமியத்தை முழுமையாகப் பிரிக்காத பிழையும், அணுவின் பரப்பைக் குறைத்துக் கணக்கிட்ட பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன என்று பின்னாளில் தெரிந்தது. முடிவு மட்டும் இன்றுவரை நிற்கிறது.

ஈரடுக்கின் ஒவ்வொரு பாதிக்கும் தனிப்பெயர் தேவைப்படும். அதற்கு ஏடு போதும். பாலேட்டில் இருக்கும் அதே ஏடு. வெளியேடு, உள்ளேடு என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தச் சொல் கிடைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

1962இல் முல்லர், ருடின், டியன், வெஸ்காட் நால்வரும் வெளியிட்ட முறை வேறு. இரண்டு உப்புக் கரைசல்களுக்கு நடுவே ஒரு தடுப்பு, அதில் சிறு துளை. துளையின்மேல் கொழுமியக் கரைசலைத் தடவினால் படலம் முதலில் சோப்புக்குமிழி போல் வண்ணம் காட்டும். மெலிந்து மெலிந்து ஈரடுக்கானதும், முன்புறமும் பின்புறமும் எதிரொளித்த ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கறுத்துத் தெரியும். இதைக் கருஞ்சவ்வு எனலாம். இருபுறமும் மின்வாய் வைக்க இடமிருப்பதால், கிராமிசிடின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அமைக்கும் ஒற்றை வாயிலின் மின்னோட்டத்தைக்கூட இதில் அளக்க முடிந்தது.

கண்ணாடி, மைக்கா போன்ற தளத்தின்மேல் படர்ந்தது தளச்சவ்வு. ‘தாங்குசவ்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொன்னால் சவ்வு எதையோ தாங்குகிறது என்றாகும். உண்மையில் தாங்குவது கண்ணாடி. தங்கத் தளத்தில் நீண்ட மூலக்கூறுகளால் கட்டிவைக்கப்பட்டது தளைச்சவ்வு. மூடிய பை வடிவத்துக்கு நுண்பை. குமிழி வேண்டாம், குமிழிக்குள் காற்று, இதற்குள் நீர். சிறு வட்டமாக வெட்டியதுபோல் இருந்து, விளிம்பைச் சுற்றி இரண்டு புரதங்கள் கச்சை கட்டியிருப்பது நானோவட்டு; குறுக்களவு பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும்.

* * *

ஐயா, வணக்கம். மனமார்ந்த நன்றி. ஏடு, கருஞ்சவ்வு இரண்டையும் நேற்றே கைப்படியில் ஏற்றிவிட்டேன். மூன்று இடங்களில் தயக்கம் இருக்கிறது.

தளச்சவ்வு, தளைச்சவ்வு இரண்டுக்கும் இடையே ஓர் ஐகாரம்தான் வேறுபாடு. அச்சுக்கோப்பில் அது தவறினால் பிழை என்றே எவருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

கொழுமிய நுண்பையைக் குறிக்கும் லிப்போசோம் என்ற சொல்லை மாணவர்கள் மருந்துப் பெயர்களிலேயே பார்க்கிறார்கள். அதையும் நுண்பை என்று மாற்றத்தான் வேண்டுமா?

மூன்றாவதுதான் முதன்மையானது. ‘ஒப்புக்குச் செய்தான்’, ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்கிறோமே. ஒப்புச்சவ்வு என்றதும் ‘பெயருக்கு ஒரு சவ்வு’ என்று மாணவர் எண்ணிவிட மாட்டாரா? போலியைத் தள்ளிய காரணம் இதற்கும் பொருந்தாதா?

* * *

சகோதரிக்கு,

முதலாவதில் நீங்கள் சொல்வதே சரி. தளைச்சவ்வை விட்டுவிடுகிறேன். நங்கூரச்சவ்வு என்று எழுதுங்கள். கப்பல் நங்கூரத்தில் நின்றாலும் அடியில் நீர் இருக்கிறதே, அதுவும் இங்கே பொருந்துகிறது. தளச்சவ்வுக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள நீர்ப்படலம் ஓரிரு நானோமீட்டர்தான். சவ்வை ஊடுருவி நிற்கும் பெரிய புரதத்தின் கீழ்ப்பகுதி தளத்தில் தட்டி நகராமல் நின்றுவிடும். அந்த இடைவெளியைக் கூட்டுவதற்காகவே நீண்ட மூலக்கூறுகளால் கட்டுகிறார்கள்.

லிப்போசோமைத் தொட வேண்டாம். பாங்கமும் ஹார்னும் 1964இல் அவற்றின் மின்னணு நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டதிலிருந்து வளர்ந்து வந்த பொருள் அது, இன்று மருந்தாகவே விற்கப்படுகிறது. நுண்பை என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, லிப்போசோமை அதில் ஒரு வகையாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவதை இரண்டு நாள் யோசித்தேன். இளக்காரம் ‘ஒப்புக்கு’ என்று நான்காம் வேற்றுமை ஏறும்போதுதான் வருகிறது. தொகையாகச் சேரும்போது வருவதில்லை. ஒப்பிலக்கியம், ஒப்பிலக்கணம் என்னும்போது பெயருக்கு ஓர் இலக்கியம் என்று எவரும் எண்ணியதில்லை. ஒப்புநோக்கு என்னும்போதும் அப்படியே. அந்தத் துறைகளில் ‘ஒப்பு’ அரை நூற்றாண்டுக்கும் மேலாக மதிப்போடு இருந்திருக்கிறது, நம் துறையிலும் இருக்கும். போலிக்கு அப்படிப்பட்ட மதிப்பான தொகைகள் இலக்கணத்துக்கு வெளியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒப்பு என்பது முழுமையாக ஒன்றாதலைக் குறிக்காது, ஓரளவு ஒத்திருப்பதையே குறிக்கும். மாணவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். உயிரணுவின் வெளியேடும் உள்ளேடும் வெவ்வேறு கொழுமியங்களால் ஆனவை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுமியம் உள்ளேட்டில் இருக்குமாறு உயிரணு ஆற்றலைச் செலவிட்டுக் காக்கிறது. சாதாரண முறையில் செய்த நுண்பையில் இரண்டு ஏடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். நுண்பையைத் துளைத்த மூலக்கூறு உயிரணுவையும் துளைக்கும் என்று அதைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. இந்த எல்லையை இயலின் முதல் பக்கத்திலேயே, சொல்லை அறிமுகம் செய்யும் இடத்தில் எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஒப்புச்சவ்வின் மூன்று மாதிரிகள் எடுக்கப்பட்டன.” முதல் வாசிப்பிலேயே விளங்குகிறது.